ஆகோள்: நிரை கவர்தலைக் குறித்த ஒரு சொல்லின் வரலாறு

தமிழின் போர்ச்சொற்களுள் 'ஆகோள்' பொருளால் மிக எளியது. 'ஆ' என்னும் பசுவையும் 'கோள்' என்னும் கொள்ளுதலையும் சேர்த்தால் கிடைப்பது பசுக்களைக் கைப்பற்றுதல் என்பதே. வேற்று நிலத்துக்குள் இரவில் புகுந்து, அங்குள்ள ஆநிரையை, அதாவது மாட்டுமந்தையை, ஓட்டிவரும் செயலுக்கு இப்பெயர் வழங்கியது. தொல்காப்பியம் இதனை வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தது. வைகைப் பள்ளத்தாக்கில் கிடைத்த பழங்கல் ஒன்று இதே சொல்லை இறந்த மனிதன் ஒருவனின் பெயரோடு சேர்த்துத் தாங்கியிருக்கிறது. பல்லவர் காலக் கற்களுக்கு வரும்போதோ அதனிடத்தில் வேறு சொற்கள் வந்தமர்ந்துவிட்டன. இலக்கணம் இச்செயலை எடுத்தவன் பக்கம் நின்று பார்த்தது என்றும், கற்களுள் பல இழந்தவன் பக்கம் நின்று பார்த்தன என்றும் கொண்டால், இந்தச் சொல்மாற்றத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

'கோள்' என்பது 'கொள்' என்னும் வினையடியின் முதலெழுத்து நீண்டு பெயரானது. படு என்பது பாடு என்றும், பெறு என்பது பேறு என்றும் ஆவதை ஒத்த இவ்வாக்கத்தை இலக்கண நூலார் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். மேற்கோள், குறிக்கோள், கால்கோள் ஆகிய சொற்களிலும் இருப்பது இதே கோள்தான். கொள் என்னும் வினையில் குற்றச்சாயல் ஏதும் இல்லை; விலைக்கு வாங்குவதும் கொள்வதே, பெண் எடுப்பதும் கொள்வதே. அவ்வினையிலிருந்து கிளைத்த 'கொள்ளை' என்பதே இன்று குற்றவியல் வழக்குகளில் அடிபடும் சொல்லாக இருக்கிறது. ஆயினும் கொள்ளை அழகு, கொள்ளை ஆசை என்னும் பேச்சு வழக்குகளில் அளவிறந்த மிகுதி என்னும் பொருளும் சேதமின்றி நிற்கிறது. சங்க இலக்கியத்தில் கவர்ந்த பொருளுக்குக் 'கொண்டி' என்ற பெயரும் உண்டு. போரில் பிடிக்கப்பட்ட பெண்களைப் பட்டினப்பாலை 'கொண்டி மகளிர்' என்று சுட்டுவதிலிருந்து, கவரப்பட்டவை மாடுகள் மட்டும் அல்ல என்பது தெளிவாகிறது. 'சூறை' என்னும் மற்றொரு சொல் சுழன்றடிக்கும் காற்றையும் கொள்ளையையும் ஒருங்கே குறித்தது. வாரி இறைத்து விட, வல்லவர் பொறுக்கிக்கொள்ளும் நிலைக்கு அது பெயராகி, கோயில் வாசலில் உடைபடும் சூறைத்தேங்காயில் இன்றும் வாழ்கிறது.

ஆகோளுக்கு மேல்நிற்கும் பெரிய பெயர் வெட்சி. இது இன்று இட்லிப்பூ என்றும் விருட்சி என்றும் அழைக்கப்படும் சிவந்த பூங்கொத்துச் செடி. நிரை கவரச் செல்வோர் இப்பூவைச் சூடினர் என்பது மரபாதலால், பூவின் பெயரே போர்முறைக்கும் அதனைப் பாடும் திணைக்கும் ஆயிற்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சியைக் குறிஞ்சியின் புறம் என்கிறது. குறிஞ்சியின் காதல் ஊரறியாமல் இரவில் நிகழும் களவு. வெட்சியின் போரும் ஊரறியாமல் இரவில் நிகழும் களவு. இரண்டும் மலைசார்ந்த நிலத்துக்கு உரியவை. அகத்தையும் புறத்தையும் இணைக்கத் தொல்காப்பியர் கண்ட பொருத்தங்களுள் இதுவே மிக இயல்பானது எனலாம். பிற திணைகளின் பொருத்தத்தை நிறுவ உரையாசிரியர்கள் பட்ட பாடு இங்கே தேவைப்படவில்லை.

தொல்காப்பியர் வெட்சிக்குத் தரும் வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன. நிரை கவர்வோர் வேந்தன் ஏவலால் சென்ற முனைவீரராக இருத்தல் வேண்டும். பிறருடைய நிலத்தில் களவாகக் கவர வேண்டும். கொண்டுவந்த ஆக்களைப் பேண வேண்டும். இம்மூன்றாம் கூறைப் பற்றிக்கொண்டு, பெரும்போர் மூளுமுன் பசுக்களுக்குத் தீங்கு நேராதபடி அவற்றை அப்புறப்படுத்துவதே வெட்சியின் நோக்கம் என்னும் அறவிளக்கம் உரைமரபில் வளர்ந்தது. போருக்கு முன் பசு முதலானவற்றை விலகச் செய்யும் வழக்கத்தைப் புறநானூற்றுப் பாடல் ஒன்றும் பேசுவது உண்மையே. எனினும் தொல்காப்பியமே அடுக்கும் துறைகளைப் பார்த்தால் இவ்விளக்கம் நெடுந்தூரம் செல்லாது. படை புறப்படும் ஓசை, ஊர்ப்பாக்கத்தில் நின்று கேட்கும் நற்சொல்லாகிய விரிச்சி, பகைவர் அறியாதபடி செல்லும் செலவு, ஒற்றர் அறிந்துவந்த செய்தியாகிய வேய், ஊரைச் சுற்றி வளைத்துத் தங்குதல் ஆகியவற்றை அடுத்து, ஆகோளுக்கு முந்திய படியாக வருவது 'ஊர்கொலை'. வளைக்கப்பட்ட ஊரில் இருப்போரைக் கொல்லுதல் என்பதே அதன் பொருள். பசுவைக் காக்க வந்தவர்கள் அதன் உடையவனைக் கொன்றாக வேண்டிய காரணத்தை எந்த அறவிளக்கமும் நிறைவாகச் சொல்லவில்லை. ஆகோளுக்குப் பின் வரும் 'நோயின்று உய்த்தல்', அதாவது மாடுகளுக்கு வருத்தம் நேராமல் ஓட்டிச்செல்லுதல், கருணையைக் காட்டிலும் கைத்தேர்ச்சியையே காட்டுகிறது. காலொடிந்த மாடும் கன்றை வீசிய மாடும் கவர்ந்தவனுக்கு இழப்பு என்பது மேய்த்தொழில் அறிந்த எவருக்கும் தெரியும்.

துறைகளின் கடைசிப் பகுதியில் இச்செயலின் பொருளியல் வெளிப்படுகிறது. கவர்ந்த நிரையைப் பங்கிடுதல் 'பாதீடு' என்றும், கள்ளுண்டு மகிழ்தல் 'உண்டாட்டு' என்றும், இரவலர்க்கு வழங்குதல் 'கொடை' என்றும் பெயர் பெறும். இப்பங்கீட்டின் மிகத் தெளிவான சித்திரம் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் உள்ளது. கள் விற்பவள் கடன் தர மறுத்ததனால் வில்லை எடுத்துக்கொண்டு புறப்படும் வேட்டுவனும், நிரை வந்து சேர்ந்தபின் அம்மாடுகள் யார் யார் முற்றத்தில் நிற்கின்றன என்னும் கணக்கும் அங்கே வருகின்றன. ஆயுதம் வடித்த கொல்லன், துடி என்னும் பறை முழக்கியவன், யாழிசைத்த பாணர், கள் விற்றவள், உளவு அறிந்து சொன்னவன், புள் நிமித்தம் பார்த்துக் கூறிய கணி ஆகிய அனைவரும் பங்கு பெறுகின்றனர். இரவில் காட்டுவழி நடந்த சிலரின் செயலுக்குப் பின்னால் ஊர் முழுவதும் முதலீடு செய்திருந்தது என்பதையே இது காட்டுகிறது. வேளாண்மை சிறுத்த வறண்ட நிலங்களில் மாடே செல்வம். குறளில் 'மாடு' என்னும் சொல்லே செல்வம் என்ற பொருளில் நிற்கிறது. தானியத்தைச் சுமக்க வேண்டும், பொன்னைத் தேட வேண்டும், மாடோ தன் காலால் தானே நடந்துவரும். கவர்ந்தவன் அதனைத் தேக்கி வைக்காமல் பகிர்ந்து கொடுத்ததனால்தான் தலைவனாக முடிந்தது. 1968இல் வெளிவந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் க. கைலாசபதி சங்கப் புறப்பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வீரகாவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஐரிஷ் மரபின் தலைமைக் காவியமே ஒரு காளையைக் கவர நிகழ்ந்த படையெடுப்பைப் பற்றியது. 'தொய்ன்' என்று அதன் பெயரில் வரும் சொல்லுக்கு நிரையை ஓட்டிச்செல்லுதல் என்பதே பொருள். இருக்கு வேதத்தில் போரைக் குறிக்கும் 'கவிஷ்டி' என்னும் சொல்லுக்கும் பசுக்களை வேண்டுதல் என்பதே நேர்ப்பொருள். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் பெற்றதாகக் கருத வேண்டியதில்லை. மேய்ச்சற் சமூகங்களின் போர் எங்கும் மாட்டுக் கொட்டிலிலிருந்தே தொடங்கியது.

ஏவியவன் இல்லாமலே நிரை கவர்ந்தவர்களை இலக்கணம் என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. தொல்காப்பியம் வேந்தன் ஏவலை வரையறையிலேயே வைத்துவிட்டதால், பாலைநிலத்து எயினரும் மழவரும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த கவர்தல் அவ்வரையறைக்கு வெளியே நின்றது. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதனைச் சரிசெய்தது. மன்னன் ஏவ நிகழ்வது 'மன்னுறு தொழில்' என்றும், வீரர் தாமே மேற்கொள்வது 'தன்னுறு தொழில்' என்றும் அது வெட்சியை இரண்டாக்கியது. தொல்காப்பியத்தில் வெட்சியின் உட்பகுதியாக அடங்கியிருந்த மீட்புப் போரையும் அது பிரித்தெடுத்துக் கரந்தை என்னும் தனித்திணை ஆக்கியது. இழந்த நிரையை மீட்கச் செல்வோர் கரந்தைப்பூச் சூடுவர் என்பது இதன் அடிப்படை. எடுப்பதும் மீட்பதும் ஒரே திணையாக இருந்த காலத்துக்கும், இரண்டு திணைகளாகிய காலத்துக்கும் இடையில் சமூகம் மாறியிருந்தது. மீட்பவனுக்கெனத் தனிப்பூவும் தனிப்படலமும் தேவைப்பட்டன என்றால், அவன் பெருமை கவர்பவனின் பெருமைக்கு நிகராக உயர்ந்துவிட்டது என்பதே பொருள்.

இம்மாற்றத்தை ஏடுகளைவிடக் கற்களே நன்கு காட்டுகின்றன. சங்கப் பாடல்கள், பாலைவழிகளில் வீழ்ந்த வீரர்க்கு நடப்பட்ட கற்களையும், அவற்றில் பெயர் பொறித்திருந்ததையும் பலமுறை கூறுகின்றன. ஆயினும் அக்காலத்துத் தமிழி எழுத்துகளோடு கூடிய நடுகல் ஒன்றுகூட நெடுங்காலம் கிடைக்காமையால், எழுத்துடைய நடுகல் என்பது பின்னைய வழக்கமாக இருக்கலாம் என்னும் ஐயம் நிலவியது. 2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் ஆய்வு செய்தவர்கள் கண்டறிந்த மூன்று கற்கள் இந்த ஐயத்தை முடித்து வைத்தன. எழுத்தமைதி கொண்டு கி.மு. நூற்றாண்டுகளுக்கு உரியவையாக மதிப்பிடப்பட்ட அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த பேடு என்னும் ஊரினனான தீயன் அந்தவனுக்கு எடுக்கப்பட்ட கல். இலக்கண நூலின் கலைச்சொல் என்று கருதத்தக்க ஆகோள், ஊர்மக்கள் வழங்கிய சொல்லாகவே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கூடலூர் என்ற பெயரில் ஓர் ஊர் அதே மாவட்டத்தில் கம்பத்துக்கு அருகில் இன்றும் உள்ளது.

இக்கல்லின் சொற்செட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தவன் கூடலூரின் நிரையைக் கவரச் சென்று இறந்தானா, கூடலூரின் நிரையைக் காத்து இறந்தானா என்பதைக் கல் சொல்லவில்லை. ஊர்ப்பெயரும் ஆகோள் என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றனவே தவிர, அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதற்கான வினைச்சொல் ஏதும் இல்லை. கல்லை நட்டவர்களுக்கு அது தெரிந்த செய்தியாதலால் எழுதத் தேவைப்படவில்லை என்பது ஒரு விடை. தொல்காப்பியம் போன்றே அவர்களும் இரண்டையும் ஒரே வீரமாகக் கருதினர் என்பது மற்றொரு விடை. காலத்தை நோக்க இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சில நூற்றாண்டுகள் கழித்து, வடதமிழகத்து மேட்டுநிலங்களில் நடப்பட்ட கற்கள் இவ்வளவு சிக்கனமாகப் பேசுவதில்லை. செங்கம், தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல்லவர் காலம் முதல் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட நடுகற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இரா. நாகசாமியின் பொறுப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பு இவற்றைப் பரவலாக அறியச் செய்தது. இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமையும்: அரசனின் ஆட்சியாண்டு, அப்பகுதியை ஆண்ட வாணர் முதலிய தலைவரின் பெயர், வீரன் யாருக்குச் சேவகன் என்பது, எந்த ஊரின் நிரை, இறுதியாக அவன் 'பட்டான்' என்பது. இங்கே நிரைக்கு வரும் சொல் பெரிதும் 'தொறு'. தொறுக் கொள்ளுதல், தொறு மீட்டல் எனக் கவர்வதும் மீட்பதும் தனித்தனி வினைகளால் குறிக்கப்படுகின்றன; ஆகோள் என்னும் பொதுச்சொல்லுக்கு வேலை போய்விட்டது.

தொறு என்னும் சொல் எல்லைக்கு அப்பாலும் வாழ்ந்தது. கன்னடத்தில் மாட்டுக்குத் 'துறு' என்பது பழம்பெயர். கருநாடகத்து வீரக்கற்களில் நிரை கவர்தல் 'துறுகோள்' எனப்படும். தமிழின் தொறுவும் கோளும் அங்கே ஒரே தொடராக இணைந்து நிற்கின்றன. அக்கற்களில் ஊரழிவு என்னும் சொல்லும் அடிக்கடி வருவதைத் தொல்காப்பியத்தின் ஊர்கொலையோடு வைத்துப் பார்த்தால், நிரை கவர்தலும் ஊர் எரிதலும் உடன்நிகழ்வன என்பது இருமொழிக் கற்களாலும் உறுதிப்படுகிறது. சவ்வாது மலைக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடைப்பட்ட இப்பகுதி பல்லவர், கங்கர், வாணர் ஆகியோரின் அதிகாரங்கள் உரசிக்கொண்ட விளிம்பு. மழை குறைந்து மேய்ச்சல் மிகுந்த அந்நிலத்தில் எல்லைச் சண்டை என்பது நடைமுறையில் மாட்டுச் சண்டையாகவே இருந்தது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் இவ்வரிசையில் தனித்து நிற்பது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட அது, தன் எருமைகளின் பொருட்டுப் போரிட்டு வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு உரியது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயரை வரலாற்றுக்குத் தந்த இக்கல், வந்தவர்களின் பெயரைத் தரவில்லை. அவர்களை அது 'கள்ளன்' என்னும் சொல்லால் முடித்துவிடுகிறது. அவர்களும் தம் ஊரில் பூச்சூடி, விரிச்சி கேட்டுப் புறப்பட்டவர்களாக இருந்திருக்கலாம். எருமைக்கு உடையவன் நட்ட கல்லில் அதற்கு இடமில்லை. தொல்காப்பியம் களவு என்ற சொல்லைப் போர்முறையின் பெயராக ஆண்டது. எடுத்தனூர்க் கல்லிலோ அதே வேரிலிருந்து பிறந்த சொல் வசையாகி நிற்கிறது.

வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் வழங்கும் வழக்கமும் இக்காலக் கல்வெட்டுகளில் உண்டு. குருதி சிந்தியதற்குக் கொடுக்கப்பட்ட அந்நிலம் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் பெயர் பெற்றது. நெய்த்தோர் என்பது குருதிக்கான பழஞ்சொல். கல் நடுதலும் தனிச் சடங்காக வளர்ந்திருந்தது. கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதற்குத் தொடக்கம் செய்யும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் படிகளைத் தொல்காப்பியம் வெட்சியின் பகுதியிலேயே கூறுகிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைகள் ஏறக்குறைய இதே பெயர்களைத் தாங்கியிருப்பதால், மாடு மீட்டு மாண்டவனுக்கு உரிய சடங்கின் வரிசையே கண்ணகியின் கல்லுக்கும் அளவுகோல் ஆயிற்று என்பது விளங்கும். தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் வழிபடுகின்றனர். வாசகத்தைப் படிக்க இயலாத தலைமுறைகளும் கற்களை உடைக்காமல் காத்ததற்கு இவ்வழிபாடே காரணம். இத்துறையில் தொல்லியலாளர்கள் வேடியப்பனுக்குப் பட்ட கடன் பெரிது.

காப்பிய உலகில் நிரை மீட்பு விரைவில் மரபான கதைக்கூறாகிவிட்டது. சீவக சிந்தாமணியின் கோவிந்தையார் இலம்பகத்தில் வேடர் நிரையைக் கவர, அரசன் கட்டியங்காரனின் படை மீட்க முடியாமல் திரும்ப, சீவகன் மீட்டுத் தருகிறான். ஆயர்தலைவன் நந்தகோன் பரிசாக அறிவித்த மகளைத் தன் தோழன் பதுமுகனுக்கு மணம் செய்விக்கிறான். நிரையை மீட்பது அரசகுமாரனின் தகுதிக்குச் சான்று. கவர்வதோ காட்டு வேடரின் தொழில். வெட்சி வேந்தனுக்கு உரியதாக இருந்த நிலை இங்கே முற்றிலும் தலைகீழாகிவிட்டது. சோழர் காலத்தில் காவிரிச் சமவெளியின் நெல்லே அரசின் அடித்தளமாக, கால்நடை கோயிலின் கணக்குக்குள் வந்தது. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றின் நெய்யை நாள்தோறும் அளக்க இடையரைப் பொறுப்பாக்கி, அவை சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டிய காலம் அது. இத்தகைய மந்தையைக் கவர்வது ஊர்ப்பகை என்னும் எல்லையைக் கடந்து தெய்வக்குற்றம் ஆனது. நடுகல் மரபு அழியவில்லை. ஆனால் எல்லைப்புறங்களுக்கு ஒதுங்கிக்கொண்டது.

செயல் மட்டும் வேறு பெயரில் நெடுநாள் தொடர்ந்தது. மதுரைக்குத் தெற்கே பல ஊர்களில், மாடு காணாமற்போனவன் இடையாளிடம் ஒரு தொகை கொடுத்தால், குறிப்பிட்ட இடத்தில் மாடு கட்டியிருக்கக் காணலாம் என்னும் ஏற்பாடு இருந்தது. அத்தொகைக்குத் 'துப்புக்கூலி' என்று பெயர். ஊருக்குக் காவல் இருப்பதற்கு உரிய காவற்கூலியும், காவல் இல்லாத ஊர் மாட்டை இழப்பதும், இழந்ததைத் துப்புக்கூலி தந்து மீட்பதும் ஒரே அமைப்பின் உறுப்புகள். வெட்சிப்படையின் 'வேய்' சொன்னவன் பெற்ற பங்குக்கும் இதற்கும் தொடர்ச்சி உண்டா என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. எனினும் தகவலுக்கு விலை வைத்த தொழில் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆங்கிலேய ஆட்சி இவ்வமைப்பின் காவற்பகுதியைக் காவல்துறைக்கு மாற்றிக்கொண்டு, எஞ்சியதைக் குற்றமாக்கியது. 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, தனி மனிதரின் செயலைப் பார்க்காமல் பிறப்பைக் கொண்டே முழுச் சாதிகளையும் பதிவேட்டில் ஏற்றியது. பசிக்குத் திருடியவனையும் திருடாதவனையும் ஒன்றாக்கிய அச்சட்டத்தின் கொடுமையை, நிரை கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த பழைய கற்களின் அருகில் வைத்துப் பார்த்தால், எது நாகரிகம் என்னும் கேள்வி எழாமல் இருக்காது.

ஆகோள் இன்று புலவர் ஏட்டில் மட்டுமே உள்ளது. வெட்சி பூவாக நின்றுவிட்டது. தொறு கல்வெட்டு அகராதிக்குள் போய்விட்டது. அவ்வரிசையில் ஊர்ப்பேச்சில் தங்கியது கொண்டி ஒன்றே. பிறர் வயலில் புகுந்து மேயும் அடங்காத மாடு 'கொண்டிமாடு'. அதனைப் பிடித்து அடைக்கும் பட்டி 'கொண்டித்தொழு'. அப்பட்டியில் அடைபட்ட மாட்டுக்கு உடையவன் கட்ட வேண்டிய தண்டத்தை முறைப்படுத்திய கால்நடை அத்துமீறல் சட்டமும், குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்த அதே 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதாகும்.